செக் ரிட்டர்ன், கட்டண பாக்கி: வீட்டில் டே கேர் நடத்துபவர்களுக்கு ஒரு எளிய விளக்கம்

வடசென்னையில் வீட்டின் முன்னறையில் எட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டே கேரை உதாரணமாக வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு குழந்தைக்கு மாதம் 4,500 ரூபாய் என்றால் வரவு 36,000. உதவிக்கு வரும் பெண்ணுக்குச் சம்பளம் 9,000. வாடகையில் ஒரு பங்கு, பால், பழம், காஸ், கரண்ட், பினாயில் எல்லாம் போக, நடத்துபவர் கையில் 12,000 பக்கம் நிற்கும். எட்டு வீட்டில் இரண்டு வீட்டார் மட்டும் இந்த மாதம் தரவில்லை என்றால் குறைவது 9,000. உதவியாளர் சம்பளம் அப்படியே போய்விட்டது. அவரும் ஒரு மாதம் பொறுப்பார், அடுத்த மாதம் வேறு வேலை தேடிக்கொள்வார். எட்டுப் பிள்ளைகளை ஒரே ஆள் சமாளிக்க முடியாது. ஒன்றுக்குச் சோறு ஊட்டும் நேரத்தில் இன்னொன்று மாடிப்படியில் ஏறிவிடும். பாக்கி கேட்கக் கூச்சப்படும் பெண்கள் இந்தக் கணக்கை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கேட்பது உங்களுக்காக மட்டும் இல்லை.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. கட்டணம் தாமதமாவது ஒன்று. அது சாதாரணக் கடன் பாக்கி. பேசி வாங்க வேண்டும், முடியாவிட்டால் சிவில் வழக்கு. செக் கொடுத்து அது வங்கியிலிருந்து திரும்புவது இன்னொன்று. அதற்கு 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-வது பிரிவு என்று ஒரு குற்றப்பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவு நாள் கணக்கில் ஓடுவது. ஒரு நாள் தவறினாலும் கைவிட்டுப் போகலாம். செக் திரும்பியபின் பழைய பாக்கி மாதிரியே "பார்க்கலாம், தந்துடுவாங்க" என்று ஒரு மாதம் காத்திருந்தால், அந்த ஒரு மாதத்திலேயே சட்டம் கொடுத்த வழி அடைபட்டுவிடும்.

கட்டண நாள் எது?

பாக்கி விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் கெட்ட எண்ணம் கிடையாது. நீங்கள் வைத்த தேதிக்கும் அவர்களுக்குக் காசு வரும் தேதிக்கும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். வடசென்னையில் இதை வீடு வீடாகப் பார்க்க வேண்டும். கம்பெனியில் நிரந்தர வேலை என்றால் சம்பளம் மாதக் கடைசியிலோ 7-ந் தேதிக்குள்ளோ வரும். மணலி, எண்ணூர் பக்கம் கான்ட்ராக்டர் மூலம் வேலைக்குப் போகிறவர்களுக்கு 10-ந் தேதி ஆகும், சில மாதம் அதையும் தாண்டும். அவர்களிடம் "1-ந் தேதி கட்டணும்" என்று எழுதி வாங்கினால் மாதாமாதம் தாமதம்தான் நடக்கும். உங்களுக்கும் அந்தத் தேதி மேல் மரியாதை போய்விடும். 10-ந் தேதி என்று வையுங்கள், ஆனால் அதை 10-ந் தேதியாகவே நடத்துங்கள்.

ஆட்டோ ஓட்டுபவர், மீன் விற்பவர், சுமை தூக்குபவர் வீடுகளில் காசு தினமும் வாரமும் வரும். மாதக் கடைசியில் மொத்தமாக 4,500 நிற்காது. அவர்களுக்கு வாரக் கட்டணம்தான் சரி. 4,500-ஐ 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுத்தால் 1,038 வரும். 1,050 என்று முழுதாக்கி, சனிக்கிழமை குழந்தையை அழைத்துப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். சின்னத் தொகை என்பதால் பாக்கி விழுந்தாலும் ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும்.

காசிமேட்டுக் குடும்பங்களுக்கு இன்னொரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவருக்கும், ஏலம், ஐஸ், ஏற்றுமதி என்று அதை நம்பி இருப்பவருக்கும் அந்த இரண்டு மாதமும் இறுக்கம். அதோடு ஜூனில் மூத்த பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் வேறு. இது முன்கூட்டியே தெரிந்த விஷயம்தானே? மார்ச்சிலேயே பேசிவிடுங்கள்: தடைக்காலத்தில் பாதி, மீதியை ஜூலை முதல் மூன்று தவணையில். ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். தவணை எழுதி வைத்த பாக்கி வந்து சேரும். வாய்ப்பேச்சில் விட்ட பாக்கி சண்டையில் முடியும்.

அட்மிஷன் ஃபாரத்தில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பக்கம் போதும், தமிழில் எழுதுங்கள். கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த மாதத்துக்கானது (முன்பணமா, முடிந்த மாதத்துக்கா) என்று தெளிவாக இருக்கட்டும். குழந்தை வராத நாட்களுக்குக் கழிவு உண்டா, எத்தனை நாள் தொடர்ந்து வராவிட்டால் பாதிக் கட்டணம், நின்றுபோவதானால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பவையும் வேண்டும். சண்டை வருவது எப்போதும் இந்த மூன்றில்தான். "பாப்பாவுக்கு ஜுரம், பத்து நாள் வரல, எதுக்கு முழுக் காசு?" என்று கேட்கும்போது ஃபாரத்தைக் காட்ட முடிந்தால் பேச்சு அங்கேயே முடியும்.

ஒரு மாத அட்வான்ஸ் வாங்குங்கள். ஒரேயடியாகத் தர முடியாதவர்கள் இரண்டு மூன்று தவணையில் தரட்டும். இந்த அட்வான்ஸ்தான் உங்கள் முதல் பாதுகாப்பு. செக் வழக்கெல்லாம் அதற்கு வெகுதூரம் பின்னால். குழந்தை நிற்கும் கடைசி மாதத்தில் கழித்துக்கொள்ளலாம். பாக்கி ஒருபோதும் அட்வான்ஸைத் தாண்டக் கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால், எவ்வளவு மோசமான நிலையிலும் நஷ்டம் ஒரு எல்லைக்குள் நிற்கும்.

தாமதக் கட்டணம் வைக்கலாம், அளவோடு. 10-ந் தேதி கடைசி நாள் என்றால் மூன்று நாள் பொறுத்து 14-ந் தேதியிலிருந்து நாளுக்கு 30 ரூபாய், அதிகபட்சம் 300 என்பது மாதிரி. நாளுக்கு 200, 300 என்று போடுவதில் பயனில்லை. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, எழுதி வாங்கியிருந்தாலும் நியாயமான ஈட்டுத்தொகையைத்தான் நீதிமன்றம் ஏற்கும். செக் திரும்பினால் உங்கள் வங்கி பிடிக்கும் தொகையை அவர்கள் தர வேண்டும் என்ற வரியும் ஃபாரத்திலேயே இருக்கட்டும். வங்கிக்கு வங்கி அது வேறுபடும், மேலே ஜிஎஸ்டியும் உண்டு. செக் கொடுத்தவரின் வங்கி அவரிடமும் தனியாகப் பிடிக்கும். ஒரு ரிட்டர்னில் இரண்டு பக்கமும் காசு போகிறது.

வாங்கிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது. கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் மிண்ட் தெரு, பாரிமுனைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். எந்த மாதத்துக்கு, ரொக்கமா ஜிபேயா செக்கா என்று குறியுங்கள். குழந்தைகளின் வருகைப் பதிவேட்டையும் நாள்தோறும் போடுங்கள். பின்னால் "அந்த மாசம் குழந்தையை அனுப்பவே இல்லை" என்று சொன்னால் பதில் சொல்லப் போவது அந்தப் பதிவேடுதான்.

ஜிபேயில் ஒரே எச்சரிக்கை: ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ரசீது போடாதீர்கள். அதில் இருக்கும் 12 இலக்க எண் உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்தபின் போடுங்கள். "பெண்டிங்" காட்டிய தொகை திரும்ப அவர்கள் கணக்குக்கே போய்விட்டதை அவர்களே கவனிக்காமல் இருப்பதும் உண்டு. இப்படி ஜிபே தவறியது செக் ரிட்டர்ன் ஆகாது, அது வெறும் பாக்கிதான். மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் வங்கி ஆணை பணம் இல்லாமல் திரும்பினால் மட்டும், 2007-ம் ஆண்டு கட்டண முறைகள் சட்டத்தின் 25-வது பிரிவில் செக்குக்கு இணையான விதி உண்டு. சின்ன டே கேருக்கு அது தேவைப்படுவது அரிது.

செக் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

திரும்பும் செக்குகளில் ஒரு பங்கு எழுத்துப் பிழையால்தான் திரும்புகிறது. அவற்றை வாங்கும் இடத்திலேயே தடுத்துவிடலாம்.

முதலில் பெயர். டே கேருக்கு அழகாக ஒரு பெயர் வைத்திருப்பீர்கள், ஆனால் வங்கியில் இருப்பது உங்கள் சொந்தப் பெயரில் சேமிப்புக் கணக்கு. பெற்றோர் போர்டில் இருக்கும் பெயருக்கே செக் எழுதித் தருவார்கள். அது உங்கள் கணக்கில் ஏறாது. ஒன்று, வங்கிக் கணக்கில் உள்ளபடி உங்கள் பெயரை இனிஷியலோடு எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்து (அரசுத் தளத்தில் இலவசம், காசு கேட்கும் தளங்கள் இடைத்தரகர்கள்) டே கேர் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறங்கள்.

அடுத்தது அடித்தல் திருத்தல். இப்போது செக்கின் படம்தான் வங்கிக்கு வங்கி போகிறது, தாள் போவதில்லை. அதனால் பெயரிலோ தொகையிலோ திருத்தி அருகில் கையெழுத்துப் போடும் பழைய பழக்கம் செல்லாது. தேதியைப் புதுப்பிப்பதற்கு மட்டும் விலக்கு. பிழை இருந்தால் வேறு செக் கேளுங்கள். எண்ணிலும் எழுத்திலும் தொகை ஒன்றாக இருக்கிறதா, குறுக்குக் கோடு இரண்டு போட்டிருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று அவர் நிற்கும்போதே பாருங்கள்.

தேதியிலிருந்து 3 மாதம்தான் செக்குக்கு உயிர். 2012 ஏப்ரலுக்கு முன் 6 மாதம் இருந்தது, அந்த நினைப்பில் இன்னும் சிலர் டிராயரில் போட்டு வைக்கிறார்கள்.

இன்னொன்று புதிது, பலருக்குத் தெரியாதது. 2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் தொகுப்பு தொகுப்பாக இல்லாமல் பகல் முழுவதும் தொடர்ச்சியாக நடக்கிறது. காலையில் போட்ட செக்குக்கு அன்றைக்கே பதில் வந்துவிடும். முன்பெல்லாம் "இன்னிக்கு செக் குடுக்கறேன், நாளன்னிக்குத்தானே பாஸ் ஆகும், அதுக்குள்ள சம்பளம் ஏறிடும்" என்று கணக்குப் போட முடிந்தது. இப்போது அந்தக் கணக்கு உதைக்கும். ஆகவே போடும் முந்தின நாள் ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "வணக்கம்மா, நாளைக்குக் காலையில செக் போடறேன், கணக்குல இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க." இந்த ஒரு வரி பல ரிட்டர்ன்களைத் தடுக்கும். "ரெண்டு நாள் கழிச்சுப் போடுங்க மிஸ்" என்று பதில் வந்தால் இரண்டு நாள் பொறுப்பதில் நஷ்டமில்லை.

வங்கியில் போடும் முன் இரு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக் வாங்க வேண்டாம். சட்டத்தில் அது செல்லும் என்றாலும், "நான் குடுத்தது இதுக்கு இல்ல, இவங்களா எழுதிக்கிட்டாங்க" என்ற வாதத்துக்கு நீங்களே வழி திறந்து கொடுத்த மாதிரி ஆகும்.

திரும்பி வந்த அன்று

வங்கி, செக்கோடு ஒரு சின்னத் தாளும் தரும். ரிட்டர்ன் மெமோ. குறுஞ்செய்தி வந்ததும் திருப்தியாகி விட்டுவிடாமல் கிளைக்குப் போய் இரண்டையும் கையில் வாங்குங்கள். இது இல்லாமல் மேலே ஒரு அடியும் வைக்க முடியாது. மெமோவில் காரணம் எழுதியிருக்கும், அதைப் படித்தபின்தான் யாரிடமும் பேச வேண்டும்.

"ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியண்ட்" என்றால் கணக்கில் பணம் இல்லை. "எக்ஸீட்ஸ் அரேஞ்ச்மெண்ட்" என்றால் வங்கி அனுமதித்த வரம்பைத் தாண்டிவிட்டது. 138-வது பிரிவு நேராகச் சொல்வது இந்த இரண்டைத்தான். ஆனால் கணக்கை மூடிவிட்டது, "ஸ்டாப் பேமெண்ட்" கொடுத்தது, தப்பிக்க வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போட்டது ஆகியவையும் இதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. தேதி தவறு, எழுத்தும் எண்ணும் பொருந்தவில்லை, பெயர் வேறு என்பவை வெறும் பிழைகள். அதற்கு வேறு செக் அல்லது ஜிபே கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கோபப்பட ஒன்றுமில்லை.

பணம் இல்லாமல் திரும்பியிருந்தால் அன்றைக்கே தனியாக ஒரு மெசேஜ். வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம், குழந்தையை விட வரும் தாத்தாவிடமும் வேண்டாம். "வணக்கம் சார். பாப்பாவோட ஜூன் மாசக் கட்டணம் 4,500-க்கு நீங்க குடுத்த செக் இன்னிக்கு ரிட்டர்ன் ஆயிடுச்சு. பேங்க் சார்ஜ் தனியா பிடிச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஜிபேலயோ கையிலயோ குடுத்துடுங்க. மெமோ போட்டோ அனுப்பியிருக்கேன்." இதில் மாதம், தொகை, நாள் மூன்றும் இருக்கின்றன. அவர் "சாரி மிஸ், கண்டிப்பா தர்றேன்" என்று பதில் போட்டால், பாக்கி உண்டு என்று அவரே ஒப்புக்கொண்ட பதிவு அது. அழிக்காமல் வையுங்கள். பெரும்பாலான ரிட்டர்ன்கள் இந்த மெசேஜோடு தீர்ந்துவிடும். பணம் வந்ததும் ரசீது போட்டு, பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

"திரும்ப ஒரு தடவ போடுங்க" என்று அவரே சொன்னால் போடலாம். செக் காலாவதியாகும் முன் எத்தனை முறையும் போடலாம். கடைசியாகத் திரும்பியதை வைத்தும் வழக்குப் போடலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் வங்கிக் கட்டணம் ஏறும். இரண்டாம் முறைக்கு மேல் போடுவதில் அர்த்தமில்லை.

138-வது பிரிவின் நாள்காட்டி

மெசேஜுக்குப் பதில் இல்லை, அல்லது வெள்ளி போய் வெள்ளி வருகிறது என்றால், இனி நாட்களை எண்ண வேண்டும். ஒரு உதாரணம். செக் ஜூன் 5 தேதியிட்டது, திரும்பிய தகவல் ஜூன் 8-ல் உங்களுக்கு வருகிறது. அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள், அதாவது ஜூலை 8-க்குள், எழுத்து மூலமான நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். கடைசி நாள் வரை போக வேண்டாம், ஜூன் 14-ந் தேதி அனுப்புகிறீர்கள் என்று வைப்போம். 16-ந் தேதி அவர் கையில் கிடைக்கிறது. அதிலிருந்து அவருக்கு 15 நாள், ஜூலை 1 வரை. அதற்குள் செக் தொகையைத் தந்துவிட்டால் குற்றமே இல்லை. தராவிட்டால் ஜூலை 2-ல் வழக்குக் காரணம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள், ஆகஸ்ட் 2-க்குள், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். ஜூலை 2-க்கு முன் அவசரப்பட்டுப் போட்டாலும் அந்தப் புகார் நிற்காது. தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. நோட்டீஸுக்கான 30 நாளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

நோட்டீஸில் என்ன எழுதுவது? செக் எண், தேதி, அவருடைய வங்கி, கிளை, தொகை எண்ணிலும் எழுத்திலும், எந்த மாதக் கட்டணத்துக்கு, எப்போது என்ன காரணத்தால் திரும்பியது, கிடைத்த 15 நாளுக்குள் அந்தத் தொகையைத் தர வேண்டும் என்ற கோரிக்கை. பலர் சறுக்குவது தொகையில். செக் 4,500-க்கு, பழைய பாக்கி, தாமதக் கட்டணம், வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்த்து "9,870 ரூபாய் தரவும்" என்று ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸ் செல்லாமல் போகும். செக் தொகையைத் தனியாக, செக்கில் உள்ளபடியே கேளுங்கள். மற்றதை வேறு பத்தியில் தனித்தனியாக எழுதுங்கள். வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, ஆனால் ஒருமுறை காட்டிச் சரிபார்ப்பது நல்லது.

யாருக்கு அனுப்புவது? செக்கில் கையெழுத்துப் போட்டவருக்கு. அட்மிஷன் ஃபாரத்தில் அம்மா கையெழுத்து, செக் அப்பாவுடையது என்றால் நோட்டீஸ் அப்பாவுக்கு. ஜாயிண்ட் கணக்காக இருந்தாலும் கையெழுத்துப் போடாதவர் மேல் 138 வராது. ஸ்பீடு போஸ்ட்டில், பதிவு வசதியும் ஒப்புகையும் சேர்த்து, அவர் இருக்கும் சரியான முகவரிக்கு அனுப்புங்கள். சரியான முகவரிக்குப் போனதை அவர் வாங்க மறுத்தாலும் கிடைத்ததாகவே கருதப்படும். வடசென்னையில் வாடகை வீடு மாறுவது சகஜம் என்பதால், ஃபாரத்தில் சொந்த ஊர் முகவரியும் வேலை செய்யும் இட முகவரியும் வாங்கி வைப்பது இந்த நேரத்தில் உதவும்.

புகார் எந்த நீதிமன்றத்தில் என்பது, நீங்கள் செக்கைப் போட்ட உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அதை வைத்து. 2015 திருத்தம் இதை உறுதியாக்கியது. செக் கொடுத்தவர் திருவள்ளூருக்கு வீடு மாற்றிப் போனாலும் உங்கள் கணக்கு ராயபுரத்தில் என்றால் வழக்கு சென்னையில்தான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதில் பயனில்லை, இது மாஜிஸ்திரேட்டிடம் நேராகப் போடும் தனிப்புகார். குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு 2018 திருத்தம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. எந்தக் கட்டத்திலும் சமாதானமாகப் போகலாம்.

பாதி கொடுத்தால் வரும் சிக்கல்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 9,000-க்கு, இரண்டு மாதத்துக்குச் சேர்த்து ஒரு செக் கொடுத்திருக்கிறார். நீங்கள் அதைப் போடுவதற்கு முன் "இப்போதைக்கு இத வெச்சுக்கோங்க மிஸ்" என்று 4,000 ஜிபே செய்கிறார். பிறகு மீதி வரவில்லை, நீங்கள் 9,000 செக்கையே போடுகிறீர்கள், திரும்புகிறது. இப்போது 138 நிற்காது. செக்கைப் போடும் நாளில் அவர் உண்மையில் தர வேண்டியது 5,000-தான், செக் சொல்வதோ 9,000. 2022-ல் உச்ச நீதிமன்றம் இதை நேரடியாகவே தீர்ப்பில் சொல்லிவிட்டது. பாதிப் பணம் வாங்கும்போது, அவ்வளவு வரவானதை அந்தச் செக்கிலேயே குறித்து மீதிக்கு மட்டும் கேட்கலாம் என்று அதே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 56-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அதைவிடச் சுலபம்: பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்து மீதி 5,000-க்குப் புதுச் செக் வாங்குங்கள்.

இதே மாதிரி, முன்பணமாக வாங்கிய செக். ஜூலைக் கட்டணத்துக்கு ஜூன் கடைசியில் செக் கொடுத்தார், ஆனால் ஜூலையில் குழந்தை ஒரு நாளும் வரவில்லை. அப்போது கடன் என்று ஒன்று உண்டா என்ற கேள்வி எழும். நின்றுபோவதானால் 15 நாள் முன் சொல்ல வேண்டும் என்ற வரி ஃபாரத்தில் இருந்தால் உங்களுக்குப் பிடிமானம் இருக்கும். இல்லையென்றால் அந்தச் செக்கைப் போடாமல் இருப்பதே மேல்.

வழக்குக்குப் போகலாமா?

4,500 ரூபாய் செக்குக்கு வழக்கு நடத்துவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் போனால் அன்று டே கேரை யார் பார்ப்பது? நோட்டீஸ் வரை போங்கள். நிறைய பேர் அதோடு கட்டிவிடுவார்கள். மூன்று நான்கு மாதக் கட்டணம் சேர்ந்த பெரிய செக், அல்லது வேண்டுமென்றே கணக்கை மூடிவிட்டுக் கொடுத்த செக் என்றால் வழக்கைப் பற்றி யோசிக்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. டே கேர் நடத்துபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். இருந்தும் இதைக் கேட்டுப் போகிறவர்கள் குறைவு. சென்னை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். வழக்குப் போடும் முன்பே மனுக் கொடுத்து லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பையும் உட்கார வைக்கலாம். அதற்குக் கோர்ட் ஃபீஸ் கிடையாது. அங்கே எழுதப்படும் உடன்பாடு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீலும் கிடையாது. மாதம் 1,500 வீதம் தருகிறேன் என்று அங்கே ஒப்புக்கொண்டால் பின்வாங்க முடியாது. மனுப் போட்டுக் காத்திருக்கும் நேரத்திலும் 138-ன் நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

செக் இல்லாத வெறும் பாக்கிக்கு சிவில் வழக்கின் காலவரம்பு 3 ஆண்டு. அந்தக் காலத்துக்குள் அவர் எழுத்தில் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு எண்ணப்படும்.

குழந்தையை நடுவில் நிறுத்தக் கூடாது

பாக்கிக்காகக் குழந்தையை அனுப்ப மறுப்பது, சாயங்காலம் "காச வெச்சிட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்பது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. சட்டப்படியும் தப்பு, அந்த நிமிடமே நியாயம் முழுவதும் அவர்கள் பக்கம் போய்விடும். காலையில் விட வந்த குழந்தையை வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் அப்படித்தான். வேலைக்குப் போகும் அம்மா அந்த நேரத்தில் எங்கே போவாள்? பால் பாட்டில், தடுப்பூசி அட்டை, பை எதையும் பிடித்து வைக்காதீர்கள். மற்றக் குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்து இதற்குக் கொடுக்காமல் இருப்பது, உதவியாளர் காதுபட "இதுங்க வீட்ல காசே குடுக்கறதில்ல" என்பது, இவையெல்லாம் மூன்று வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

நிறுத்த வேண்டிய கட்டம் வந்தால் ஒழுங்காக நிறுத்துங்கள். 10-ந் தேதி கடைசி நாள், 20-ந் தேதி நேரில் பேச்சு, மாதக் கடைசி வரை வரவில்லை என்றால் ஏழு நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில்: "அடுத்த திங்கள் வரை பாப்பா வரலாம். அதுக்குள்ள பாக்கியத் தீத்தா இடம் இருக்கும். இல்லன்னா வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க." பேச்சு பெற்றோர் இருவரிடமும் இருக்கட்டும். கணவருக்கு வேலை போனதை மனைவி வெளியே சொல்ல முடியாமல் இருக்கலாம். அப்படித் தெரிய வந்தால் பாதி நேரம், பாதிக் கட்டணம் என்று சில வாரம் ஏற்பாடு செய்யலாம். அந்த வீட்டாரும் வேலை கிடைத்ததும் உங்களிடமே வருவார்கள், கூடவே பக்கத்து வீட்டையும் அழைத்து வருவார்கள்.

குழந்தை நின்றபின் அட்வான்ஸில் பாக்கியைக் கழித்து, கணக்கை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: வாங்கிய அட்வான்ஸ், கழித்த மாதம், தாமதக் கட்டணம், வங்கிக் கட்டணம், மீதி. மீதி அவர்களுக்குச் சேர வேண்டியதாக இருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். போடாமல் கையில் வைத்திருக்கும் அவர்களுடைய மற்ற செக்குகளையும் எண் குறித்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கித் திருப்பிவிடுங்கள். மறந்துபோன ஒரு பழைய செக்கை உங்கள் வீட்டில் யாராவது தெரியாமல் வங்கியில் போட்டுவிட்டால், அடுத்த நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும்.